ரைட், ஓல்டான்

என் கணவர் நல்லகாமன் பதினேழு வருஷம் மதுரை கொட்டாம்பட்டி பஸ்ஸில் கண்டக்டர். அந்த ரூட்டில் அவர் குரலுக்கு என்று ஒரு மரியாதை இருந்தது. ஒத்தக்கடையில் இறங்க வேண்டிய ஆள் தூங்கிப்போய் மேலூரில் முழித்தான் என்ற பேச்சே அவர் வண்டியில் கிடையாது. ஒரு முறை கூப்பிட்டால் செத்தவனும் எழுந்து மூட்டையைத் தூக்கிக்கொள்வான் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். காட்டினால் வீட்டிலும் அதே குரலில் பேச ஆரம்பித்துவிடுவார்.

எண்பத்தொன்றாம் வருஷம் பங்குனி மாசம், ஒரு காலையில் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குரல் மட்டும் கூட வரவில்லை. அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அது "ரைட்."

காப்பி வேணுமா? ரைட். தலை வலிக்குதா? ரைட். ரெண்டும் ரெண்டும் எத்தனை? ரைட். நாம் கேட்பது முக்கால்வாசி அவருக்குப் புரிந்தது. பதில் தொண்டை வரை வந்து, வெளியே வரும்போது விசில் கேட்ட பஸ்ஸைப் போல அந்த ஒரே வார்த்தையில் கிளம்பிவிடும். அது தவறு என்பதும் அவருக்குத் தெரியும். தெரிவதுதான் கொடுமை.

வார்டில் டாக்டர் என்னைக் காட்டிக் கேட்டார்.

"இவங்க யாரு? இவங்க பேரு சொல்லுங்க பாப்போம்."

"ரைட்," என்றார் இவர்.

டாக்டர் காகிதத்தில் ஏதோ குறித்தார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"டாக்டர், அத மட்டும் எழுதாதீங்க. நல்லா இருந்த காலத்துலயே எம் பேர இவுக சொன்னதில்ல. கல்யாணமாகிப் பதினெட்டு வருசமா 'ஏ புள்ள'தான். இது சீக்கு இல்ல, பழக்கம்."

நர்சுகள் சிரித்தார்கள். இவரும் கோணல் வாயால் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெயக்கொடி. திருப்பரங்குன்றத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். வருஷா வருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்குப் பின்னல் கோலாட்டம் பழக்குவது என் பொறுப்பு. உத்தரத்திலிருந்து எட்டுக் கயிறு தொங்கும். எட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கோலைத் தட்டிக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி சுற்றி வந்தால் கயிறு சடை மாதிரி பின்னிக்கொண்டு வரும். பின்னுவது பெரிய வித்தை இல்லை. முடித்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் மறுபக்கம் திரும்பி, கை மாற்றி, வந்த வழியே தட்டிக்கொண்டு போய்ப் பின்னலை அவிழ்க்க வேண்டும். அதில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்.

சித்திரை முடிவதற்குள் டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட் இருபதாம் தேதி மருத்துவக் குழு முன்னால் ஆஜராக வேண்டும். இனி கண்டக்டர் வேலை பார்க்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டி வருகிற நேரம், போகிற நேரம் குறிக்க வேண்டும். எந்த வண்டி எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும். அந்தக் குழு முன்னால் அவர் ரூட்டையே வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிட்டால் அந்த நாற்காலி. சொல்லாவிட்டால் நாற்பத்து நாலு வயதில் வீடு.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் இடது கையால் அதை வாங்கி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தெருவில் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அவர் கண் கலங்குவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கு அந்த நாற்காலி வேண்டும். எனக்கும் வேண்டும். இரைந்து பேசுகிற புருஷனைக் குறை சொல்லியே பழகியவளுக்கு ஊமை வீட்டில் சோறு இறங்கவில்லை.

அலங்காநல்லூரிலிருந்து என் அண்ணன் விருமாண்டி வந்தார். வரும்போதே ஒரு கூடையில் நாலு புறாவோடு வந்தார்.

"ஏத்தா, மாப்ளய நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். புறா ரத்தத்த வச்சுச் சூடு பறக்கத் தேச்சோம்னா ஒரு மண்டலத்துல எந்திரிச்சுருவாரு. எம்புட்டுப் பேருக்கு எந்திரிச்சிருக்கு!"

"அண்ணே, கைக்குத் தேய்ப்பீக, காலுக்குத் தேய்ப்பீக. பேச்சுக்கு எங்கிட்டுத் தேய்ப்பீக?"

 அண்ணன் புறாக்களை விட்டுவிட்டுத்தான் போனார். மறுநாள் கூடையைத் திறந்துவிட்டேன். நாலில் இரண்டு எங்கள் வீட்டுக் கூரையிலேயே தங்கிவிட்டன.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. இவரைத் தனியே விட்டுப் போக மனசில்லை. தலைமை ஆசிரியை சாவித்ரி அம்மாவிடம் அனுமதி கேட்டு, மாலைப் பயிற்சிக்கு ரிக்‌ஷாவில் கூட்டிவந்து கூடத்து மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பிள்ளைகள் முதல் நாள் பயந்தார்கள். இரண்டாம் நாள் "வணக்கம் சார்" என்றார்கள். இவர் "ரைட்" என்றார். பொருத்தமாகத்தான் இருந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பிள்ளைகள் சுற்றி வரும்போது ஒருத்தி தாளத்தில் ஒரு தட்டை விட்டுவிட்டாள். எனக்கே அது காதில் விழவில்லை. நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையிலிருந்து ஒரு சத்தம்.

"ஓல்டான்!"

பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் அந்தப் பழைய அதட்டல். எட்டுப் பிள்ளைகளும் நடு ஆட்டத்தில் நின்றுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் இவர் இடது கை நாற்காலிச் சட்டத்தின் மேல் இருக்கிறது. அந்தக் கை அதுவரை எங்கள் தாளத்தை ஒரு தட்டு பிசகாமல் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை.

மூன்று மாசமாக ஒரு வார்த்தையோடு இருந்த மனுஷனுக்கு இரண்டாவது வார்த்தை தாளத்தின் வழியாக வந்திருக்கிறது. வாசல் அடைத்துக்கொண்டால் கொல்லை வழியாகப் போக வேண்டியதுதான். அன்று வீட்டுக்குப் போனதும் கோலாட்டக் கோல் ஒன்றை அவர் இடது கையில் கொடுத்தேன். ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். அந்த ரூட்டின் பத்து ஊரையும் கோலாட்ட மெட்டில் போட்டேன்.

சிம்மக்கல்லு ஒரு தட்டு
கோரிப்பாளையம் மறு தட்டு
மாட்டுத்தாவணி குனிஞ்சு தட்டு
உத்தங்குடி நிமிந்து தட்டு
ஒத்தக்கடை ஒத்தத் தட்டு
சிட்டம்பட்டி சேத்துத் தட்டு
தெற்குத்தெரு திரும்பித் தட்டு
மேலூரு மேல தட்டு
கருங்காலக்குடி கால்மாத்தித் தட்டு
கொட்டாம்பட்டி கொட்டி முடி

புலவர்கள் மன்னிக்கட்டும். எனக்கு வந்தது அவ்வளவுதான்.

முதலில் அவர் தட்ட மட்டும் செய்வார், நான் பாடுவேன். அப்புறம் பாதிச் சொல்லோடு நிறுத்திவிடுவேன். "ஒத்த" என்று சொல்லிவிட்டுக் கோலை நீட்டினால், அவர் கோல் வந்து மோதும்போது "கடை" வர வேண்டும். ஒன்பது நாள் "ரைட்"தான் வந்தது. பத்தாம் நாள் "கட" வந்தது. நான் வேண்டுமென்றே தப்பாகத் தட்டுவேன், அவர் "ஓல்டான்" போட்டுப் பிடிக்க வேண்டும். என் தப்பைப் பிடிப்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பத்து டம்ளரில் ஏற்ற இறக்கமாகத் தண்ணீர் ஊற்றி வைப்பேன். ஒவ்வொரு டம்ளர் ஓசைக்கும் ஒரு ஊர். இடம் மாற்றி வைத்தால் கரண்டியால் தட்டிப் பார்த்து, ஊர் வரிசையில் திருப்பி அடுக்க வேண்டும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மி நகர்ந்ததோ இல்லையோ, பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன் டீச்சர், தெனமும் என்ன பஜனையா ஓடுது? எம் பேத்தி தூக்கத்துல கருங்காலக்குடிங்குறா."

"டிக்கெட் எடுத்துட்டாளான்னு கேளுங்க," என்றேன்.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாக இல்லை. ஆடி மாசம் ஒரு சாயங்காலம் மாட்டுத்தாவணியில் மாட்டிக்கொண்டார். இருபது தடவை தட்டியும் "மாட்டு" தாண்டவில்லை. கோலைத் தூக்கி எறிந்தார். டம்ளர்கள் உருண்டன. சின்னப் பிள்ளை விளையாட்டை விளையாட வைத்துவிட்டாளே என்ற அவமானம் அவர் முகத்தில் இருந்தது. நான் பொறுத்துப்போயிருக்க வேண்டும். பொறுக்கவில்லை.

"எறிங்க, நல்லா எறிங்க. எறிஞ்சுட்டு இந்த மூலையிலயே ஒக்காந்து எல்லாத்துக்கும் ரைட்டு போட்டுக்கிட்டு இருங்க. ஊரு சனம் வந்து பாத்துட்டுப் போகட்டும்!"

சொல்லி முடித்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.  பதில் சொல்ல முடியாதவரிடம் போய்க் கத்தினேன் என்பது இன்றைக்கும் எனக்குக் குத்துகிறது. சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஹாலில் டக், டக் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். அவர் குனிந்து, உருண்ட டம்ளர்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது டம்ளரைத் தட்டி, மெதுவாக, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

"மாட்டு... த்தாவணி."

ஆகஸ்ட் பதினைந்துக்குள் பத்து ஊரும் வந்துவிட்டன. முதலில் மெட்டோடு, பிறகு மெட்டைக் கழற்றிவிட்டு வெறும் தட்டோடு. வேறு வார்த்தைகளும் அவற்றைப் பிடித்துக்கொண்டு வந்தன. தண்ணி, சோறு, வெளக்கு, போதும். "ஏ புள்ள"வும் வந்தது. கொடி ஏற்றிய அன்று எங்கள் பிள்ளைகள் பின்னி, திரும்பி, ஒரு சிக்கல் இல்லாமல் அவிழ்த்தார்கள். இவர் முன்வரிசையில் உட்கார்ந்து அவர்கள் திரும்பிய இடத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபதாம் தேதி. அண்ணன் விருமாண்டி வந்து எங்களைக் கூட்டிப் போனார். நீளமான அறை. மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் டாக்டர் விஸ்வேஸ்வரன். வயசானவர், பொறுமையாகத் தெரிந்தார். என்னை வாசல் பக்கம் நிற்கச் சொன்னார்.

"அம்மா, நீங்க இருக்கலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

இத்தனை மாசமாக இவருக்கு வாயாக இருந்தவள் நான். டாக்டரிடம், டிப்போவில், பால்காரரிடம், எல்லா இடத்திலும் நான்தான் பேசினேன். தலையை ஆட்டினேன்.

இடது கையால் எழுதச் சொன்னார்கள், எழுதினார். கடிகாரம் பார்க்கச் சொன்னார்கள், சரியாகச் சொன்னார். பிறகு டாக்டர் கேட்டார்.

"கொட்டாம்பட்டி வண்டி எது வழியாப் போகுது? சொல்லுங்க."

இவர் இடது கை விரல் மேஜை விளிம்பில் தட்டியது. சிம்மக்கல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி. மாட்டுத்தாவணி தாண்டியதும் எனக்கு மூச்சு வந்தது. கொட்டாம்பட்டியில் கொட்டி முடித்தார். வாசலுக்கு வெளியே அண்ணன் கையைத் தட்டியே விட்டார்.

"நல்லது," என்றார் டாக்டர். "இப்ப கொட்டாம்பட்டியில இருந்து மதுரைக்கு வர்ற வண்டி. அது எது வழியா வருது?"

 பதினேழு வருஷம் போன வண்டி, பதினேழு வருஷம் திரும்பியும்தானே வந்தது? அந்த அறிவு எனக்கு எங்கே போனது? பாட்டு என்றால் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைதான் போகும் என்று நான்பாட்டுக்குப் போகிற வழி மட்டும் பழக்கிவிட்டேன். வருகிற வழியை ஒரு நாள் கூடத் தட்டவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பின்னலை அவிழ்க்கப் பழக்கியவள், சொந்தப் புருஷனைப் பின்னிவிட்டதோடு நிறுத்திவிட்டேன்.

"கொட்டாம்பட்டி," என்றார் இவர். விரல் தட்டியது. அடுத்தது வரவில்லை. மறுபடி தட்டினார். "சிம்ம..." தலையை ஆட்டினார். நெற்றியில் வேர்த்தது. அப்புறம், நான் கேட்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த அந்த வார்த்தை வந்தது.

"ரைட். ரைட்."

ஓரத்து டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கருங்காலக்குடி என் நாக்கு நுனியில் நின்றது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன்.

இவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எங்கே போகிறார் என்று டாக்டர்களுக்குப் புரியவில்லை. எழுந்தவர், வலது காலை இழுத்து, நின்ற இடத்திலேயே மறுபக்கம் திரும்பினார். டாக்டர்களுக்கு முதுகு, வாசலுக்கு முகம். கூடத்தில் எட்டுப் பிள்ளைகள் பின்னலை அவிழ்க்கத் திரும்புவார்களே, அதே திரும்பல். 

இப்போது அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உதட்டை அசைத்துச் சொல்லிக் கொடுத்தேன் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. நானும் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

அதற்கப்புறம் எனக்குக் காது மட்டும்தான். நாற்காலி முதுகில் ஒரு தட்டு கேட்டது. இடது கைத் தட்டு இல்லை. மெத்தென்று, அந்த மாசம்தான் லேசாக அசைய ஆரம்பித்திருந்த வலது கையின் தட்டு. பின்னலை அவிழ்க்கும்போது மறுகைதான் முதலில் தட்ட வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் கத்தாத நாளில்லை.

"கொட்டாம்பட்டி."

தட்டு.

"கருங்காலக்குடி."

தட்டு.

"மேலூர்."

தட்டு.

"சிட்டம்பட்டி."

போச்சு, தெற்குத்தெருவை விட்டுவிட்டார். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டேன். அடுத்த தட்டு கேட்கவில்லை. பேனா காகிதத்தில் உரசுவது மட்டும் கேட்டது. அப்புறம் ஜன்னல் அதிர ஒரு சத்தம்.

"ஓல்டான்!"

பேனா நின்றது.

"தெற்குத்தெரு," என்றார் நிதானமாக. "தெற்குத்தெரு. அப்பறம் சிட்டம்பட்டி. ஒத்தக்கடை. உத்தங்குடி. மாட்டுத்தாவணி. கோரிப்பாளையம். சிம்மக்கல்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஸ்டாண்டு. எல்லாம் எறங்குங்க."

டாக்டர் விஸ்வேஸ்வரன் சிரித்தார். ஓரத்து டாக்டர், "ஒரு ஊர் விட்டுப் போச்சே சார்," என்றார்.

"விட்டத அவரேதானே பிடிச்சார்? டைம் கீப்பருக்கு வேற என்ன வேணும்? நானெல்லாம் விட்டது தெரியாமயே போயிட்டிருக்கேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நான் அப்போதுதான் திரும்பினேன். என் புருஷன் வேர்வை வழிய, ஒரு தோள் சரிய, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணத்தன்று மாலையோடு நின்றபோது கூட இவ்வளவு அழகாக இல்லை. இதை நான் அவரிடம் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். வெளியே வந்ததும் அண்ணன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாப்ள! வாடிவாசல்ல காளைய அணைஞ்சவன் கூட இப்படித் திரும்பி நின்னதில்ல மாப்ள!"

"புறா," என்றார் இவர், கூரையைக் காட்டுவது போல் கையைத் தூக்கி. அண்ணனுக்கு வெட்கம் வந்துவிட்டது.

அக்டோபரில் மேலூரில் பள்ளிகளுக்கான கலைப் போட்டி. எங்கள் எட்டுப் பிள்ளைகளையும், கயிறு மூட்டையையும், கோல்களையும் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கொட்டாம்பட்டி வண்டி புறப்படத் தயாராக நின்றது. நெரிசலில் பிள்ளைகளை எண்ணி எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தேன். மைக் கரகரத்தது. அந்தக் குரல் கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சின்ன இடைவெளி விட்டு வந்தது. அந்த இடைவெளியில் கூண்டுக்குள் ஒரு விரல் தட்டுகிறது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சிம்மக்கல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி, உத்தங்குடி, ஒத்தக்கடை, சிட்டம்பட்டி, தெற்குத்தெரு, மேலூர், கருங்காலக்குடி, கொட்டாம்பட்டி செல்லும் வண்டி இப்ப புறப்படுது."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். நான் ஒரு காலைப் படியில் வைத்திருந்தேன்.

"ஓல்டான்," என்றது மைக். வண்டி நின்றது. "ஜெயக்கொடி டீச்சர் இன்னும் ஏறல. ஜெயக்கொடி டீச்சர் ஏறுனதும் எடுக்கணும்."

ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. பழக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் இரண்டு தரம். நான் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரைட்," என்றது மைக்.

வண்டி நகர்ந்தது. ஜன்னலோரம் இருந்த பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பள்ளியில் எல்லாருக்கும் நான் டிரில் டீச்சர்தான்.

"டீச்சர், ஒங்க பேரு ஜெயக்கொடியா?"

"ஆமா," என்றேன், பின்சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி. "அதான் எம் பேரு."